பெயரைக் கூவும் மைதானம், இடத்தைத் தேடும் தேர்வுக்குழு

2025 ஆகஸ்ட் மாதம் திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் மைதானத்தில் கேரள கிரிக்கெட் லீக்கின் இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருந்தது. கொச்சி புளூ டைகர்ஸ் அணி இந்திய விக்கெட் கீப்பர் சஞ்சு சாம்சனை 26.80 லட்ச ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருந்தது. ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தத் தொகையில் பாதிக்கும் மேல் இந்த ஒருவருக்கே போனது. இவ்வளவு கொடுத்து வாங்கிய ஆளை ஓர் ஆட்டத்தில் ஆறாவதாக இறக்கினார்கள். 22 பந்துகளில் 13 ரன். பெரிய ஷாட் எதுவும் சரியாக மாட்டவில்லை. பார்த்தவர்களுக்கே சங்கடமாக இருந்தது. அடுத்த ஆட்டம் ஆகஸ்ட் 24 அன்று கொல்லம் அணிக்கு எதிராக, அதே மைதானத்தில். வெல்ல 237 ரன் வேண்டும். இம்முறை சஞ்சு தொடக்க ஆட்டக்காரராக வந்து 51 பந்துகளில் 121 அடித்தார். கடைசிப் பந்தில் கொச்சி வென்றது.

ஆளும் மைதானமும் மாறவில்லை. நடுவே பெரிய இடைவெளியும் இல்லை. மாறியது பேட்டிங் வரிசையில் அவருக்குத் தந்த எண் மட்டும்.

இந்த ஆறாம் இடச் சோதனைக்கு ஒரு பின்னணி உண்டு. ஆகஸ்ட் 19 அன்று ஆசியக் கோப்பைக்கான இந்திய அணி அறிவிக்கப்பட்டது. சுப்மன் கில் துணைத் தலைவராகத் திரும்பியிருந்தார். துணைத் தலைவரை வெளியே உட்கார வைக்க முடியாது. அவர் ஆடுவதோ தொடக்க இடத்தில். ஆகவே முந்தைய ஓராண்டாக அபிஷேக் சர்மாவுடன் தொடக்கத்தில் இறங்கிவந்த சஞ்சு கீழே போக வேண்டியிருக்கும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதற்கான ஒத்திகையைத்தான் காரியவட்டத்தில் பார்க்கிறார் என்றே ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

டி20 அணித் தேர்வைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் ‘இவர் நல்ல ஆட்டக்காரரா, அவர் நல்ல ஆட்டக்காரரா’ என்ற கேள்வியிலேயே சுற்றுகின்றன. தேர்வுக்குழு தேடுவது வேறொன்றை. ஓர் இன்னிங்ஸில் 120 பந்துகள். முதல் ஆறு ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள், பந்து புதிது, இடைவெளியில் தூக்கி அடித்தால் நான்கு. ஏழாவது ஓவரிலிருந்து ஐந்து பேர் வெளியே போகிறார்கள், சுழற்பந்து வருகிறது. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வருபவர் பல ஆட்டங்களில் பத்துப் பதினைந்து பந்துகளுக்கு மேல் சந்திப்பதே இல்லை. அதிலும் முதல் இரண்டு மூன்று பந்துகளுக்குள் சிக்ஸர் அடிக்க வேண்டிய நிலை. இவை பேட்டிங் என்ற ஒரே தொழிலின் வெவ்வேறு வேலைகள் என்பதைவிட, வெவ்வேறு தொழில்கள் என்று சொல்வதே பொருத்தம். டெஸ்ட் அணிக்கு ஆறு நல்ல பேட்டர்களைப் பொறுக்கிவிட்டு வரிசையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். டி20-இல் முதலில் இடங்களை எழுதிவிட்டுத்தான் ஆட்களைத் தேட வேண்டும்.

ரசிகர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. அவர்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள். அதற்குக் காரியவட்டத்தைவிட நல்ல சாட்சி நாட்டில் இல்லை.

2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் கட்டப்பட்ட மைதானம் இது. முதல் சர்வதேச ஆட்டம் 2017 நவம்பர் 7 அன்று நடந்தது. மழையால் எட்டு எட்டு ஓவராகச் சுருங்கிய டி20-இல் நியூசிலாந்தை இந்தியா 6 ரன்னில் வென்றது. 2019 டிசம்பர் 8 அன்று மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது இந்திய அணியில் சஞ்சு இருந்தார், காயமடைந்த ஷிகர் தவானுக்குப் பதிலாக. மைதானத்திலிருந்து அதிக தூரமில்லாத விழிஞ்ஞம் பக்கத்துப் புல்லுவிளை கடற்கரைக் கிராமத்துப் பையன் சொந்த ஊரில் இந்தியாவுக்கு ஆடப்போகிறான் என்று கூட்டம் வந்தது. ஆடும் பதினொருவரில் அவர் பெயர் இல்லை. புவனேஸ்வர் குமார் வீசிய ஓவரில் எவின் லூயிஸ் கொடுத்த கேட்சை ரிஷப் பந்த் தவறவிட்டதும் அரங்கம் முழுக்க ‘சஞ்சு, சஞ்சு’ என்று கத்தத் தொடங்கியது. எல்லைக்கோட்டருகே நின்ற விராட் கோலி கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்து, இது என்ன முறை என்பதுபோல் சைகை காட்டினார். அன்று மேற்கிந்தியத் தீவுகள் 8 விக்கெட்டில் வென்றது.

கோலி கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. கூட்டத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. சஞ்சுவின் முதல் சர்வதேச டி20 2015 ஜூலையில் ஹராரேயில். 19 ரன் எடுத்தார். இரண்டாவது ஆட்டம் 2020 ஜனவரியில் புனேயில் வந்தது, நான்கரை ஆண்டு கழித்து. அன்று முதல் பந்திலேயே சிக்ஸர். இரண்டாவது பந்தில் அவுட். ஒருவரைச் சோதித்துப் பார்த்தோம் என்று சொல்ல இது போதுமா?

2022 செப்டம்பர் 28 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டி20-க்காக அணி திருவனந்தபுரம் வந்தபோதும் அதே கூச்சல். அந்த ஆண்டு உலகக் கோப்பை அணியில் சஞ்சு இல்லை; விக்கெட் கீப்பர்களாகப் பந்தும் தினேஷ் கார்த்திக்கும் தேர்வாகியிருந்தார்கள். ‘சஞ்சு’ என்று கத்திய ரசிகர்களுக்குப் பேருந்துக்குள்ளிருந்த சூர்யகுமார் யாதவ் தன் கைபேசியில் சஞ்சுவின் படத்தைக் காட்டினார். சஞ்சு அந்த வாரம் இருந்தது சென்னையில். சேப்பாக்கத்தில் நியூசிலாந்து ‘ஏ’ அணிக்கு எதிராக இந்திய ‘ஏ’ அணிக்குத் தலைமை தாங்கி மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்தார்.

அவரை முந்தி உள்ளே போன தினேஷ் கார்த்திக்கின் கதை தமிழ் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்ததே. 2018 மார்ச் 18 அன்று கொழும்பில் நிதாஹஸ் கோப்பை இறுதியாட்டத்தில் 8 பந்துகளில் 29 ரன், கடைசிப் பந்தில் சிக்ஸர். 2022 ஐபிஎல்லில் பெங்களூரு அணிக்குக் கடைசி ஓவர்களில் மட்டும் இறங்கி 330 ரன், ஸ்ட்ரைக் ரேட் 183. ‘பினிஷர்’ என்ற இடத்துக்கென்றே தேர்வுக்குழு அவரை 37 வயதில் எடுத்தது. இடத்தைப் பார்த்து ஆள் எடுப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. உலகக் கோப்பையில் அவர் ஆடிய மூன்று இன்னிங்ஸிலும் சேர்த்து 14 ரன்தான். கணக்கு தவறவில்லை, அந்த இடத்தின் இயல்பே அதுதான். பத்துப் பந்து ஆட்டக்காரரிடம் மூன்று வாய்ப்பில் முப்பது பந்துகூடத் தேறாது. அதில் நன்றாக ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஒரு முடிவுக்கு வர முடியாது. கார்த்திக் அத்துடன் இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அரையிறுதியில் இங்கிலாந்து விக்கெட் இழப்பின்றி 170 எடுத்து இந்தியாவை வெளியேற்றியது. எட்டே நாளில் சேத்தன் சர்மா தலைமையிலான தேர்வுக்குழு கலைக்கப்பட்டது.

அந்த அரையிறுதியில் 86 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற அலெக்ஸ் ஹேல்ஸ் முதலில் தேர்வான ஆளே அல்ல. 2019-இலிருந்து இங்கிலாந்து அவரை ஒதுக்கி வைத்திருந்தது. ஜானி பேர்ஸ்டோ கோல்ஃப் ஆடப்போய்க் காலை உடைத்துக்கொண்டதால்தான் கூப்பிட்டார்கள். உலகக் கோப்பை வென்ற அணியின் தொடக்க ஜோடியைத் தேர்வுக்குழு பாதி, கோல்ஃப் மைதானம் பாதி அமைத்தது.

இந்தியத் தேர்வு நடைமுறையைச் சற்று விளக்க வேண்டும். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஆண்கள் தேர்வுக்குழுவில் ஐந்து பேர். மண்டலத்துக்கு ஒருவர் என்பது நெடுநாள் வழக்கம். உறுப்பினராக 7 டெஸ்ட், அல்லது 30 முதல்தர ஆட்டங்கள், அல்லது 10 ஒருநாள் ஆட்டங்களுடன் 20 முதல்தர ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். ஓய்வுபெற்று ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். டி20 என்ற சொல் இந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை. 2007-இல் முதல் டி20 உலகக் கோப்பைக்கு திலீப் வெங்சர்க்கார் குழு அணி எடுத்தபோது இந்தியா அதுவரை ஆடியிருந்தது ஒரே ஒரு சர்வதேச டி20. அன்று இது இயல்பு. டெண்டுல்கர், திராவிட், கங்குலி மூவரும் இல்லாமல் போன அந்த அணி கோப்பையோடு வந்தது. இன்றும் தகுதிப் பட்டியல் அப்படியே இருப்பது கொஞ்சம் வேடிக்கை.

இதைவிட முக்கியமான சிக்கல், தேர்வு இரண்டு முறை நடக்கிறது. தேர்வுக்குழு 15 பேரை எடுக்கிறது. அதிலிருந்து 11 பேரைத் தலைவரும் பயிற்சியாளரும் டாஸுக்கு முன் முடிவுசெய்கிறார்கள். முதல் தேர்வு காயம், ஆடுகளம், எதிரணி எல்லாவற்றுக்கும் காப்பீடாக இருக்க வேண்டும். இரண்டாவது அன்றைய ஆட்டத்தை வென்றால் போதும். இரண்டின் நோக்கமும் ஒன்றல்ல என்பதால் ‘எடுத்தீர்களே, ஏன் ஆட வைக்கவில்லை’ என்ற கேள்விக்குப் பல சமயம் பதில் சொல்ல ஆளில்லாமல் போகிறது.

2024 ஏப்ரல் 30 அன்று அறிவிக்கப்பட்ட உலகக் கோப்பை அணியில் சஞ்சு இருந்தார். கே.எல். ராகுல் ஏன் இல்லை என்று கேட்டபோது, ராகுல் ஐபிஎல்லில் தொடக்கத்தில் ஆடுகிறார், எங்களுக்குக் கீழே ஆடுபவர் தேவை, சஞ்சு எந்த இடத்திலும் ஆடுவார் என்ற பொருளில் தேர்வுக்குழுத் தலைவர் அஜித் அகர்கர் பதில் சொன்னார். கேட்பதற்குப் பாராட்டு. ஆனால் இடம் பார்த்து எடுக்கும் ஆட்டத்தில், எந்த இடத்திலும் ஆடுபவருக்கு நிரந்தரமாக எந்த இடமும் இல்லை என்றுதான் அதற்குப் பொருள். தொடக்கத்தில் ரோகித்தும் கோலியும், மூன்றில் பந்த், நடுவில் இடதுகைக்காரர் வேண்டும் என்று சிவம் துபே. தொடர் முழுவதும் சஞ்சு ஓர் ஆட்டமும் ஆடவில்லை. யஷஸ்வி ஜெய்ஸ்வாலும் யுஸ்வேந்திர சஹாலும் அப்படியே. இறுதியாட்டத்துக்குத் தயாராக இருக்கும்படி முதலில் சொல்லப்பட்டதாகவும், டாஸுக்குச் சற்று முன் பழைய அணியே தொடரட்டும் என்று முடிவானதாகவும், பயிற்சி நேரத்தில் ரோகித் தன்னைத் தனியே அழைத்துக் காரணத்தை விளக்கியதாகவும் சஞ்சு பின்னர் ஒரு பேட்டியில் கூறினார்.

மலையாளிகள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள்: மலையாளி இல்லாமல் இந்திய ஆண்கள் அணி உலகக் கோப்பை வென்றதில்லை. 2007-இலும் 2011-இலும் ஸ்ரீசாந்த், 2024-இல் சஞ்சு, 1983-இல் மலையாளப் பெற்றோருக்குச் செகந்தராபாதில் பிறந்து தமிழ்நாட்டுக்கும் ஆடிய சுனில் வால்சன். அந்த 1983 அணியில் ஓர் ஆட்டமும் ஆடாத ஒரே ஆள் வால்சன்தான் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

2024 அணியை இன்று குறை சொல்வது கடினம். தோற்காமல் கோப்பை வென்றது. அமெரிக்க, மேற்கிந்திய மைதானங்களுக்கு நான்கு சுழல் பந்துவீச்சாளர்களை எடுத்ததற்கு அன்று எழுந்த கேலியை இன்று யாரும் நினைவுபடுத்துவதில்லை. அந்த நான்காவது ஆளுக்கு இடம் தர வெட்டுப்பட்டவர் ரிங்கு சிங். அவர் எப்படிப்பட்டவர் என்று காரியவட்டம் பார்த்திருந்தது. 2023 நவம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா இங்கே 235 எடுத்தது. ஜெய்ஸ்வால் 53, ருதுராஜ் கெய்க்வாட் 58, இஷான் கிஷன் 52. கடைசியில் ரிங்கு 9 பந்துகளில் 31. ஏழு மாதம் கழித்து நடந்த உலகக் கோப்பையில் இந்த நால்வரில் எவரும் ஒரு பந்துகூட ஆடவில்லை. அன்றைய ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டுப் போன எவரும் இதை நம்பியிருக்க மாட்டார்.

அடுத்த சிக்கல் சான்றின் அளவு. 2025 ஜனவரி, பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான ஐந்து டி20-இல் சஞ்சு எடுத்தவை: 26, 5, 3, 1, 16. மொத்தம் 51. ஐந்து முறையும் எழும்பி வந்த வேகப்பந்தை மடக்கி அடிக்கப் போய் அவுட். ‘ஷார்ட் பால் ஆட வராது’ என்ற தீர்ப்பு அத்தோடு எழுதப்பட்டது. அந்த ஐந்து இன்னிங்ஸிலும் அவர் சந்தித்தது மொத்தம் 43 பந்துகள். ரஞ்சி ஆட்டத்தில் 43 பந்து என்றால் ஒருவர் கண் பழகி, கிளவுஸ் மாற்றி, தண்ணீர் குடிக்கும் நேரம். ஒரு முழுத் தொடரின் சான்றும் அவ்வளவுதான். குறை உண்மையாகவும் இருக்கலாம். 43 பந்துகளை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

இதற்கு முந்தைய கதையைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகும். 2024 ஜூலையில் இலங்கையில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் சஞ்சு பூஜ்யம். பழைய வழக்கப்படி கதை அங்கே முடிந்திருக்கும். துலீப் கோப்பை நேரத்தில் புதிய தலைவர் சூர்யகுமார் அவரிடம் வந்து, அடுத்த ஏழு ஆட்டங்கள் உனக்கு, என்ன ஆனாலும் ஆதரவு உண்டு என்று சொன்னதாகச் சஞ்சுவே கூறியிருக்கிறார். இடமும் சொல்லியாயிற்று, தொடக்கம். வங்கதேசத்துக்கு எதிராக மூன்று, தென்னாப்பிரிக்காவில் நான்கு. அந்த ஏழின் வரிசை: 29, 10, 111, 107, 0, 0, ஆட்டமிழக்காமல் 109. ஹைதராபாதில் 111-க்கு 47 பந்து; டர்பனில் 107-க்கு 50; ஜோகன்னஸ்பர்க்கில் 109-க்கு 56. மூன்று சதம், இரண்டு பூஜ்யம். தொடர்ச்சியாக இரண்டு சர்வதேச டி20 சதம் அடித்த முதல் இந்தியர் அவர்தான்.

இந்த வரிசையை எங்கே வெட்டினாலும் வேறு ஆள் கிடைப்பார். முதல் இரண்டோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு தோல்வி. நான்கோடு நிறுத்தினால் மேதை. ஐந்தாவதையும் ஆறாவதையும் மட்டும் பார்த்தால் அணியில் வைக்கவே லாயக்கில்லாதவர். ஏழு என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் இரண்டு பூஜ்யத்துக்குப் பிறகும் அவர் அதே வேகத்தில் மட்டையை வீச முடிந்தது. டி20-இல் தோல்வி பயமே முதல் எதிரி. இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆடுபவர் பத்துப் பந்துக்குப் பத்து ரன் எடுத்துப் பத்திரமாக இருப்பார், அணி தோற்கும்.

இந்த ஏழில் முதலாவது 2024 அக்டோபர் 6 அன்று குவாலியரில் நடந்தது. அன்று மூன்றாண்டு கழித்துத் திரும்பி வந்து 31 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தவர் வருண் சக்கரவர்த்தி. தமிழ்நாட்டில் குறுகிய ஓவர் தேர்வைப் பற்றிப் பேச இவரைவிட நல்ல பாடம் இல்லை. 2021 உலகக் கோப்பைக்கு ஐக்கிய அரபு அமீரகம் போனபோது சஹாலை விட்டுவிட்டு வருணை ‘மர்மச் சுழல்’ என்று எடுத்தார்கள். துபாயில் மூன்று ஆட்டம். விக்கெட் எதுவும் இல்லை. பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. அவர் ஊருக்குத் திரும்பி தமிழ்நாட்டு லீக்கிலும் மாநில அணியிலும் வீசினார். பந்தைப் பக்கவாட்டில் சுழற்றுவதை விட்டு மேலிருந்து உருட்டி வீசும் முறைக்கு மாறினார். திரும்பி வந்த பின் கெபெர்ஹாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 17 ரன்னுக்கு 5; இங்கிலாந்துத் தொடரில் 14 விக்கெட்; 2025 சாம்பியன்ஸ் டிராபிக்குக் கடைசி நேரத்தில் ஜெய்ஸ்வாலுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டு மூன்றே ஆட்டங்களில் 9 விக்கெட். 2021-இல் எடுத்தது தவறா? விட்டது தவறா? எடுத்ததில் தவறில்லை. மூன்று ஆட்டத்தை வைத்து மூன்றாண்டு மறந்ததுதான் தவறு.

நேர்மாறான உதாரணங்களும் உண்டு. 2021 ஐபிஎல்லில் ஹைதராபாத் அணி டேவிட் வார்னரை வெளியே உட்கார வைத்தது. ஆஸ்திரேலியத் தேர்வாளர்கள் அவரைத் தொடக்க இடத்திலேயே விட்டார்கள். அவர் 289 ரன்னோடு அந்த உலகக் கோப்பையின் தொடர் நாயகன் ஆனார். 2024-இல் கோலி இறுதிக்கு முன் ஏழு இன்னிங்ஸில் எடுத்தது 75 ரன். இறுதியில் மட்டும் 76. பெரிய பெயருக்கு அவகாசம் தானாகவே கிடைக்கிறது. அது தவறு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பொறுமை பலன் தந்திருக்கிறது. சிறிய பெயருக்கும் அதில் ஒரு பங்கு தந்தால் என்ன என்பதுதான் கேள்வி.

பெயரும் இடமும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஏப்ரல் 6, டாக்கா. உலகக் கோப்பை இறுதியில் இந்தியா நான்கு விக்கெட் மட்டுமே இழந்து 130-இல் நின்றது. தோனியும் ரெய்னாவும் காத்திருக்க, யுவராஜ் சிங் 21 பந்துகளில் 11 எடுத்தார். கையில் ஆறு விக்கெட் மீதமிருக்க, பந்துகள்தான் தீர்ந்துபோயின. எதிரே நின்ற இலங்கை அணியில் அந்தத் தொடரின் தலைவர் தினேஷ் சண்டிமாலே இல்லை. ஓவர்களை மெதுவாக வீசியதற்காக ஓர் ஆட்டத் தடை. தடை முடிந்த பிறகும் அவர் உள்ளே வரவில்லை. லசித் மலிங்க தலைமை ஏற்றார். இலங்கை கோப்பையை எடுத்தது. தலைவர் பதவிக்கு வரிசையில் ஓர் இடம் கட்டாயமில்லை என்று அந்த அணி காட்டியது.

ஐம்பது ஓவர் ஆட்டத்தில் இதே கதை வேறு வடிவில் வந்தது. 2018 அக்டோபரில், உலகக் கோப்பை வரை நான்காம் இடம் அம்பத்தி ராயுடுவுக்குத்தான் என்ற பொருளில் கோலி பேசினார். மும்பையில் ராயுடு சதம் அடித்தார். அடுத்த ஆட்டம் நவம்பர் 1 அன்று காரியவட்டத்தில். மேற்கிந்தியத் தீவுகள் 104-இல் சுருண்டதால் அவருக்கு மட்டை பிடிக்கவே வேலையில்லை. 2019 ஏப்ரலில் அணி வந்தபோது அவர் இல்லை. பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் என முப்பரிமாண ஆட்டக்காரர் என்று தமிழ்நாட்டின் விஜய் சங்கரைத் தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் முன்வைத்தார். உலகக் கோப்பை பார்க்க முப்பரிமாணக் கண்ணாடி வாங்கியிருப்பதாக ராயுடு எழுதிய ஒரு வரி ஊரெல்லாம் சிரிப்பைக் கிளப்பியது. விஜய் சங்கர் உலகக் கோப்பையில் தன் முதல் பந்திலேயே பாகிஸ்தானின் இமாம்-உல்-ஹக்கை வீழ்த்தினார். பிறகு கால்விரலில் காயம். அரையிறுதியில் 24 ரன்னுக்கு 4 விக்கெட் போனபோது நான்காம் இடத்தில் யார் என்ற கேள்விக்கு இந்தியாவிடம் விடை இல்லை. இதில் மிக அநியாயமாக அடிபட்டவர் விஜய் சங்கர். தான் கேட்டு வாங்காத ஒரு வர்ணனைக்கு அவர் இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தேர்வாளர் கண்ணுக்கு ஒருவர் எப்படி வருகிறார் என்பதும் மாறிவிட்டது. 2024-இல் தொடங்கிய கேரள லீக்கின் எல்லா ஆட்டங்களும் காரியவட்டத்தில்தான். அங்கே ஆலப்புழை அணிக்கு மூன்றே ஆட்டத்தில் இரண்டு விக்கெட் எடுத்த இடதுகை மணிக்கட்டுச் சுழலர் விக்னேஷ் புத்தூரை மும்பை இந்தியன்ஸ் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். கேரள சீனியர் அணிக்கு ஆடாதவர். 2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராக முதல் ஐபிஎல் ஆட்டத்திலேயே ருதுராஜ், துபே, தீபக் ஹூடா மூவரையும் எடுத்தார். எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் அவரை யாரும் எடுத்திருக்க முடியாது. கையைப் பார்த்து எடுத்தார்கள்.

பழைய பாதைக்கும் இன்னும் அதிகாரம் இருக்கிறது. 2024-25 விஜய் ஹசாரே ஒருநாள் கோப்பைக்கு முன் வயநாட்டில் நடந்த முகாமுக்கு வரவில்லை என்று கேரளச் சங்கம் சஞ்சுவை அணியில் சேர்க்கவில்லை. 2023 டிசம்பரில் பார்லில் 108 அடித்திருந்தவர் சாம்பியன்ஸ் டிராபி அணி அறிவிப்பு வந்தபோது அந்தப் பருவத்தில் ஒரு ஐம்பது ஓவர் ஆட்டமும் ஆடாமல் இருந்தார். அணியில் பெயர் வரவில்லை. திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் சங்கத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றே என்றது சங்கம். முகாமைத் தவறவிட்டதற்கு ஒரு கோப்பை முழுவதையும் மறுப்பது அதிகப்படிதான். ஆனால் மாநிலச் சங்கத்தின் அந்த உரிமையைக் கேள்வி கேட்கத் தேசியத் தேர்வுக்குழுவுக்கு வழியில்லை.

ஆசியக் கோப்பைக்கு வருவோம். அணியை அறிவித்த அன்று அகர்கர், கில்லும் ஜெய்ஸ்வாலும் அப்போது கிடைக்காததால்தான் சஞ்சு தொடக்கத்தில் ஆடினார் என்ற பொருளில் பேசினார். மூன்று சதம் அடித்த இடம் இரவல் இடமாகிப்போனது. சஞ்சு மூன்றில், ஐந்தில் என்று மாறி மாறி ஆடினார். ஓமனுக்கு எதிராக 45 பந்தில் 56. பாகிஸ்தானுடன் இறுதியில் 21 பந்தில் 24, திலக் வர்மா ஆட்டமிழக்காமல் எடுத்த 69-க்குத் துணையாக. மோசமில்லை, அவருடைய ஆட்டமும் இல்லை. அடுத்து ஆஸ்திரேலியத் தொடரில் ஒரு தோல்விக்குப் பின் அவரை உட்கார வைத்துவிட்டு, கீழே அடித்தாடப் பழகிய ஜிதேஷ் சர்மாவைக் கொண்டுவந்தார்கள். இடத்தின் கணக்குப்படி அது சரியான முடிவு. ஐந்தில் ஆட வேண்டுமானால் ஐந்தில் ஆடுபவரே வேண்டும். கீழே இப்படி இடம் பார்த்து ஆள் மாற்றிய அதே அணி, மேலே பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கில் 2025-இல் 15 டி20 இன்னிங்ஸ் ஆடினார். ஓர் அரைசதம்கூட இல்லை. அவர் பெரிய பேட்டர் என்பதில் சந்தேகமில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜோடியை எதற்காகக் கலைத்தார்கள் என்பதற்கு இன்றுவரை சரியான விளக்கம் வரவில்லை.

டிசம்பரில் கில்லுக்குக் காயம். 19 அன்று அகமதாபாத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சஞ்சு மீண்டும் தொடக்கத்தில் இறங்கி 22 பந்துகளில் 37 எடுத்தார். மறுநாள் 2026 உலகக் கோப்பைக்கான 15 பேர் பட்டியல் வந்தது. துணைத் தலைவராக இருந்த கில் அணியிலேயே இல்லை. அக்சர் படேல் துணைத் தலைவர். கில்லின் ஃபார்ம் காரணமல்ல, மேலே ஒரு விக்கெட் கீப்பர் வேண்டும் என்பதே காரணம் என்று சூர்யகுமார் சொன்னார். கீப்பர் மேலே போனதும் கீழே ஓர் இடம் திறந்தது. ஜிதேஷுக்கு அங்கே வேலையில்லை, ரிங்கு உள்ளே வந்தார். வருணும் வாஷிங்டன் சுந்தரும் இருந்தார்கள். கில்லைவிட ஓர் ஏற்பாடு முக்கியம் என்று தேர்வுக்குழு வெளிப்படையாக முடிவெடுத்த நாள் அது. நான்கு மாதம் முன்பே எடுத்திருக்கலாம்.

பட்டியலின் இரண்டாவது கீப்பர் இஷான் கிஷன். 2023-இல் காரியவட்டத்தில் 52 அடித்து, இரண்டு நாள் கழித்து குவாஹாட்டியில் ஆடியதோடு சர்வதேச டி20-இலிருந்து மறைந்தவர். வாரிய ஒப்பந்தத்தையும் இழந்தவர். 2025 டிசம்பர் 18 அன்று சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதியில் ஹரியானாவுக்கு எதிராக 49 பந்துகளில் 101 அடித்து ஜார்கண்டுக்குக் கோப்பை வாங்கித் தந்திருந்தார். அவரும் தொடக்க ஆட்டக்காரர். முன்பெல்லாம் மாற்றுக் கீப்பர் வேறு இடத்தில் ஆடுபவராக இருந்ததால் சஞ்சுவை அங்குமிங்கும் நகர்த்த முடிந்தது. இந்தப் பட்டியலிலோ ஒரே இடத்துக்கு இரண்டு பேர், ஒருவர் மேலே ஆட மற்றவர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு பெஞ்சில் என்ற ஏற்பாடு. 2024-இல் ஏழு ஆட்டம் என்று சூர்யகுமார் எண்ணிக்கை சொல்லித் தந்ததுபோல், இம்முறை அணியை அறிவித்தபோது யாரும் எண் எதையும் சொல்லவில்லை.